குழாய்க்குத்தான் கோளாறு

அத்தை,

இன்று காலை, நீங்கள் விட்டுச்சென்ற அரக்குப் பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டேன். முந்தானையில் அந்தக் கறுப்புக் கறை அப்படியே இருக்கிறது. ரப்பர் பால் பட்ட துணி வெளுத்ததாகச் சரித்திரம் உண்டா? "அத உள்ள மடிச்சுக் கட்டும்மா, மாமியாராகப் போற நாளு" என்றாள் என் மகள். மாட்டேன் என்று, வெளியே தெரியும்படி போட்டுக்கொண்டுதான் மருமகளை அழைக்கப் போனேன்.

லூபோக் சீனாப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து என்னை அழைத்துப்போக நீங்கள் வந்தது நினைவிருக்கிறதா? ரெம்பியாவில் உங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் முகூர்த்தம். மாப்பிள்ளை அங்கே காத்திருந்தார். வாடகைக் காரில் நீங்கள், மாமாவின் அண்ணனான உங்கள் மச்சாண்டார், தலைகுனிந்தபடி நான். எனக்கு உங்களைக் கண்டாலே நடுக்கம். 'மாமியார்க்காரி வாய் பொல்லாதது, பாத்து நடந்துக்க' என்று எங்கள் லயத்து வீட்டு வரிசையே சொல்லி அனுப்பியிருந்தது. மழையில் ஊறிய செம்மண் பாதை. ரப்பர்ப் பால்மரக் காட்டுக்கு நடுவே 'டப்'பென்று ஒரு சத்தம். முன்பக்கம் ஆவி பொங்கக் கார் நின்றுவிட்டது.

டிரைவர் இறங்கிப் பார்த்தார். "தண்ணி போற ரப்பர் குழாய் கிழிஞ்சிருச்சு. இப்படியே ஓட்டுனா எஞ்சின் போயிரும்லா. மலாக்காவுக்கு ஆளனுப்பித்தான் வேற வாங்கணும்."

"பொண்ணு ஏறுன நேரம் சரியில்ல. சகுனமே சொல்லுது" என்றார் உங்கள் மச்சாண்டார். "திருப்பிக் கொண்டுபோய் விட்டுருவோம்."

எனக்கு உயிரே போய்விட்டது. பாதி வழியில் திரும்பிய பெண்ணை அப்புறம் எவன் கட்டுவான்? எங்கள் அப்பா லயத்தில் தலைநிமிர்ந்து நடக்க முடியுமா? உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சகுனமாவது மண்ணாங்கட்டியாவது! குழாய்க்குத்தான் கோளாறு. பொண்ணுக்கு என்ன?" என்றீர்கள். பிறகு டிரைவரிடம், "ஏம்ப்பா, என்ன குழாய்ன்னே?"

"ரப்பர் குழாய்க்கா."

"கண்ண நல்லாத் தொறந்து பாரு. சுத்தி நிக்கிறதெல்லாம் என்ன, தென்னமரமா?"

அம்மாடி, அந்த வேகம்! இதே பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மரங்களுக்குள் போனீர்கள். மரப்பட்டையில் முந்தைய நாள் வெட்டிய கோடுகளில் காய்ந்திருந்த ஒட்டுப்பாலை நார் நாராக உரித்தீர்கள். "தொரை கேட்டா?" என்று முனகினார் மச்சாண்டார். "கல்யாண மொய்யின்னு சொல்லுங்க" என்றீர்கள்.

அடுத்து என் பக்கம் திரும்பினீர்கள். "நீயும் பால் வெட்டுறவதான? மாலையக் கழட்டி வச்சிட்டு எறங்கு." மருதாணிக் கையால் நான் அந்த நாரை இழுத்துப் பிடிக்க, நீங்கள் குழாயைச் சுற்றிச் சுற்றி இறுக்கினீர்கள். டிரைவரின் கத்தியால் மரத்தைக் கீறி, புதுப் பாலை மேலே பூசி, கையை முந்தானையிலேயே துடைத்தீர்கள். இறுக்கிக் கட்டத் துணி வேண்டுமே. "மச்சான், அந்தத் தலப்பாவக் குடுங்க." அவர் முழித்த முழியில் எனக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. திட்டுவீர்கள் என்று பயந்தால், என்னைவிடப் பலமாகச் சிரித்தது நீங்கள்தான்.

வாய்க்கால் தண்ணீரை ஊற்றி, ரேடியேட்டர் தொட்டி மூடியைத் தளர்த்திவிட்டு, டிரைவர் மெல்ல மெல்ல ஓட்டினார். முகூர்த்தம் தப்புவதற்குள் போய்ச் சேர்ந்தோம். தாலி கட்டக் குனிந்த உங்கள் மகன், என் கையில் அடித்த ஒட்டுப்பால் நாற்றத்துக்கு மூக்கைச் சுளித்தது எனக்கல்லவா தெரியும்!

அதற்குப் பிறகு நாம் போடாத சண்டையா? உலைத் தண்ணீருக்குக்கூடச் சண்டை. ஆனால் எனக்குப் பிள்ளை தங்காத அந்த வருஷங்களில், 'இவ வந்த நேரம்' என்று எவளாவது வாயெடுத்தால் போதும், விளக்குமாறு உங்கள் கைக்கு வந்துவிடும். உங்களைப் போல ஒரு மனுஷியை நான் பார்த்ததில்லை அத்தை.

இன்று கோயில் வாசலில் மருமகளின் மாலை அறுந்து பூவெல்லாம் சிதறியது. "ஐயையோ" என்று யாரோ சொல்ல, எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துப்போயிற்று. நான் தரையில் உட்கார்ந்து பூவைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

"நூலுக்குத்தான் கோளாறு. பொண்ணுக்கு என்ன? ஊசி கொண்டாங்க" என்றேன்.

பக்கத்தில் குந்திப் பூ எடுத்துக் கொடுத்த மருமகள், மெதுவாகக் கேட்டாள்: "அத்தை, முந்தானையில என்ன கறை?"

"என்னைய வீட்டுல கொண்டாந்து சேத்த கறைம்மா" என்றேன்.