மார்கிரட் அம்மா போர்த்திய படங்கு

தலவாக்கலை,
14.7.1978

அன்பு மனைவி றோசலினுக்கு,

மாதா புண்ணியத்தில் நலம். உன் இருமல் தேவலையா?

நம் தொழிலாளர் சம்மேளனத்தை இந்தத் தேயிலைத் தோட்டத்தில் தொடங்கிவைத்த வியாகுலம் தலைவர் காலமானார். தலைவர் பெட்டிமேல் சங்கக் கொடி போர்த்துவது வழக்கம். சம்மேளனம் இரண்டாக உடைந்துவிட்டதே, இரண்டு கொடிகள் வந்தன. நானும் ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். பெட்டி முன்னால் ஒரே இழுபறி.

அவர் மனைவி மார்கிரட் அம்மா எழுந்தார்.

"ஒண்ணா இருங்கன்னுதானே இந்த மனுசன் தோட்டந்தோட்டமா அலைஞ்சாரு. ரெண்டையும் எடுத்துக்கிட்டுப் போங்க."

கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டும் தன் சாக்குப் படங்கைக் கொண்டுவந்து போர்த்திவிட்டார்.

பயப்படாதே, அடிதடி இல்லை. கொடியை மடித்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

தபால் பையைக் கட்டப்போகிறார்கள். உன் பழைய படங்கு ஒன்றை அனுப்பு. இங்கே குளிர் அதிகம், அதற்குத்தான். வேறொன்றும் நினைக்காதே.

மரியரட்ணம்