கிருத்திகையில் வந்த பரீட்சை

உ
தணிகை வேலன் துணை

திருத்தணி
ஆனி 5

அன்பு மகள் வரலட்சுமிக்கு உன் அம்மா ஆசி கூறி எழுதுவது. மலையான் புண்ணியத்தில் இங்கே நானும் நைனாவும் சௌக்கியமாக இருக்கிறோம். நீயும் சௌக்கியம் என்று உன் கடிதத்தில் முதல் வரியிலேயே எழுதியிருக்கிறாய், அந்த ஒரு வரியைத் தவிர மற்றதை எல்லாம் நம்புகிறேன். ஏன் நம்பவில்லை என்று கீழே எழுதியிருக்கிறேன், பாதி படித்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டு ஆபீசுக்கு ஓடாதே, உட்கார்ந்து முழுக்கப் படி.

எதிர்வீட்டுக் கோதண்டபாணி டில்லியிலிருந்து லீவில் வந்திருக்கிறான். வந்த மறுநாளே நம் வீட்டுக்கு வந்தான், ரயில்வே குவார்ட்டர்சில் தண்ணீர் வருகிறதா, குழந்தை நடக்கிறதா என்று விசாரித்துக்கொண்டே காப்பி கொடுத்தேன். சித்திரையில் நீ சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சை எழுதினபோது முதல் நாள் இரவு அவர்கள் வீட்டில்தான் தங்கினாயாம், பரீட்சை நடந்த இடம் அங்கிருந்து பக்கம் என்று. அதை நீயும் எழுதியிருந்தாய். நீ எழுதாமல் விட்டதை அவன் சொன்னான். “காலைல எங்க வீட்ல உப்புமா கிண்டி தட்டுல போட்டு வெச்சா சின்னம்மா, இவ தொடவேயில்ல. இன்னிக்கி கிருத்திகைன்னா. ஒரு டம்ளர் தண்ணி குடிச்சிட்டு கெளம்பிட்டா. சாயந்தரம் செவுத்தப் புடிச்சிகினு வந்தா” என்றான். அதையும் அவன் பெருமையாகச் சொல்கிறான், டில்லிக்குப் போயும் நீ ஊர் வழக்கத்தை விடவில்லையாம். எனக்கு வந்த கோபத்துக்கு அவன் காப்பியைக் குடித்து முடிக்கும் வரைக்கும் வாயை மூடிக்கொண்டிருந்ததே பெரிய காரியம்.

நீ எங்களுக்கு என்ன எழுதினாய் என்று யோசித்துப் பார். கடைசிப் பகுதி வந்தபோது தலை சுற்றியது, காகிதத்தில் எழுத்தெல்லாம் ஊர்ந்தது, நீளமாக ஒன்றைக் கொடுத்து அதைப் படித்துப் பதில் சொல்லச் சொன்ன இடத்தை அப்படியே விட்டுவிட்டேன், எனக்கு அவ்வளவுதான் மூளை போலிருக்கிறது என்று எழுதினாய். அதைப் படித்துவிட்டு நான் எத்தனை நாள் அழுதேன் தெரியுமா. மூளை போதவில்லையாம் அவளுக்கு. டில்லி வெயிலில் வெறும் வயிற்றோடு பஸ் ஏறிப் போய், மின்விசிறி ஓடாத அறையில் உட்கார்ந்து இங்கிலீஷில் எழுதினால் மூளை மட்டும் என்ன செய்யும் பாவம். தறியில் உட்காருகிற ஆளுக்கே காலையில் கூழாவது ஊற்றாமல் நைனா நாடாவைத் தொட விடமாட்டார். அன்றைக்கு நான் இங்கே மலையில் உன் பெயருக்கு அர்ச்சனை செய்துகொண்டிருந்தேன். பரீட்சை என்று தெரியும், கிருத்திகை என்றும் தெரியும், ஆனால் நீ சாப்பிட்டாயா என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. எப்படி வரும், கிருத்திகை அன்றைக்கு நம் வீட்டில் அடுப்புப் பக்கம் யார் போகிறார்கள், பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் போய் இட்லி சாப்பிட்டுவிட்டு வருகிற உன் நைனாவைத் தவிர. நான் இங்கே பட்டினி, நீ அங்கே பட்டினி, இரண்டு பேருமாகச் சேர்ந்து அந்தப் பரீட்சையைக் கெடுத்திருக்கிறோம்.

சரி, நடந்தது நடந்துவிட்டது. இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். இப்போது வாங்கின மார்க்கைக் கொடுத்தால் டில்லிக்கு வெளியே பஸ்ஸில் போகிற ஊரில் இருக்கிற கல்லூரியில் இடம் நிச்சயம், ஆனால் அது பகல் வகுப்பு, அதற்காக ஆபீஸ் வேலையை விட வேண்டும். டில்லிக்குள் இருக்கிற மாலை வகுப்புக்கு இந்த மார்க்கு கொஞ்சம் குறைகிறது. ஆடியில் இன்னொரு தடவை பரீட்சை வைக்கிறார்கள், எழுதலாம், ஆனால் எழுதினால் பழைய மார்க்கு செல்லாது, புதிதாக வருவதுதான் கணக்கு, குறைந்து போனால் இரண்டு கல்லூரியும் கிடையாது. இந்த மாசக் கடைசிக்குள் ஒன்று பகல் கல்லூரிக்கு விண்ணப்பம் போட வேண்டும், இல்லை மறுபடி எழுதுகிறேன் என்று பணம் கட்ட வேண்டும். இதுதானே விஷயம். நான் இதை மூன்று முறை படித்து நைனாவுக்கும் சொன்னேன்.

நைனா உடனே சொல்லிவிட்டார். “கெடச்சத வெச்சிகினு சேரச் சொல்லு. ரெண்டாவது வாட்டி எழுதி கம்மியா வந்தா இதுவும் பூடும்” என்றார். அவரைத் தப்பாக நினைக்காதே. உனக்கு வேலை கிடைத்து டில்லி வண்டி ஏறின நாளிலிருந்து அவர் டீக்கடையில் உட்கார்ந்தால் என் மகள் வக்கீலுக்குப் படிக்கப் போகிறாள் என்பதைச் சொல்லாமல் எழுந்திருப்பதில்லை, இப்போது ஏதாவது தவறிப்போனால் அந்தக் கடைக்கு எந்த முகத்தோடு போவது என்று பயம். அதைச் சொல்லமாட்டார், உன் நன்மைக்குத்தான் என்பார். கே.ஜி.கண்டிகை அன்னம்மாள் அத்தையும் வந்திருந்தாள், தம்பி வீட்டு விஷயம் என்றால் அவளுக்கு எப்படித்தான் தெரியுமோ. நகரியில் ஒரு பையன் இருக்கிறானாம், பாங்கியில் வேலையாம். “கண்ணாலத்தப் பண்ணி வெச்சா வெரதமும் முடிஞ்சிடும், பரீட்சையும் முடிஞ்சிடும், எதுக்கு இந்தப் பாடு” என்றாள். வக்கீலுக்குப் படித்தால் வாய்க்கு வாய் பேசுவாள், எவன் கட்டிக்கொள்வான் என்று வேறு. அவள் படிக்காமலேயே பேசுகிறாளே அண்ணி, படித்தாலாவது எங்கே நிறுத்துவது என்று தெரியும் என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள், இரண்டு நாளில் சரியாகிவிடுவாள், மாம்பழம் மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டுதான் போனாள்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டிருந்தாய். கோதண்டபாணி வருவதற்கு முன்னால் எழுதியிருந்தால் நானும் நைனா சொன்னதையே எழுதியிருப்பேன். இப்போது அப்படி இல்லை. உன் மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை, வயிறுதான் காலியாக இருந்தது. நீ பி.யூ.சி. படிக்கும்போது தாலுகா ஆபீசில் நம் தெரு மணியம்மையைப் பட்டாவுக்காக நாளைக்கு வா, நாளைக்கு வா என்று அலைக்கழித்துக்கொண்டிருந்த குமாஸ்தாவிடம் போய், தினமும் வரச் சொல்ல எந்த ரூலில் இருக்கிறது சார், அதைக் காட்டுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன் என்று நின்றாயே, அவன் பேனாவைத் தேடின தேடல் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்தப் பெண்ணுக்கா மூளை போதாது. வெறும் வயிற்றோடு முக்கால்வாசிப் பரீட்சை எழுதியே இத்தனை மார்க்கு வந்திருக்கிறது என்றால் வயிறார எழுதினால் எவ்வளவு வரும். மாலை வகுப்பு கிடைத்தால் வேலையும் கையில் இருக்கும், யாரையும் எதிர்பார்க்காமல் படித்து முடிப்பாய். அதனால் மறுபடியும் எழுது என்றுதான் சொல்வேன் என்று முடிவு செய்து கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த பிறகுதான் நீ கொடுத்த தேதி என்ன நாள் என்று காலண்டரைப் பார்த்தேன். ஆகஸ்டு பன்னிரண்டு. ஆடிக் கிருத்திகை. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வேறு கிருத்திகை என்றாலும் பரவாயில்லை, ஊரே காவடியும் மொட்டையுமாக இருக்கிற நாள், அந்த நாளில் நீ எங்கே சாப்பிடப் போகிறாய். நைனாவிடம் காட்டினேன். “பாத்தியா, அன்னிக்கும் துன்னாமதான் எழுதுவா, அதே மார்க்குதான் வரும். பகல் காலேஜிக்கே போடச் சொல்லு” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்ததால் எனக்கு இன்னும் கோபம் வந்தது. பேனாவை மூடி வைத்துவிட்டேன், அதனால்தான் இந்தக் கடிதம் இத்தனை தாமதம்.

உன் பிடிவாதம் எனக்குத் தெரியும். உனக்கு ஒன்பது வயதில் மஞ்சள் காமாலை வந்து கண்ணெல்லாம் மஞ்சளாகக் கிடந்தபோது, இந்தப் பெண் பிழைத்தால் கல்யாணம் ஆகும் வரைக்கும் கிருத்திகை தவறாமல் விரதம் இருப்பாள் என்று நான் வேண்டிக்கொண்டேன். நீ ஒரு கிருத்திகைகூட விட்டதில்லை. சாப்பிடு என்று நான் சும்மா எழுதினால் நீ, அம்மா வேண்டினதை நான் எப்படி மீறுவது என்பாய். அதனால் மலைக்குப் போனேன். கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போய்ச் சன்னதியில் நின்று சாமியிடம் நேராகவே பேசினேன். வேண்டினது நான், இருந்தது அவள், இத்தனை வருஷம் ஒரு குறை வைக்கவில்லை, இந்த ஒரு ஆடிக் கிருத்திகைக்கு மட்டும் அவளுக்குப் பதிலாக நான் இருக்கிறேன், ஏற்றுக்கொள் என்றேன். சொல்லிவிட்டுப் படி இறங்கும்போதுதான் தோன்றியது, நான்தான் ஏற்கெனவே இருக்கிறேனே, என் விரதம் எனக்கே சரியாகிவிடும், ஒரு வயிற்றில் இரண்டு விரதம் எப்படி இருப்பது. கணக்கு இடித்தது. பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து இதை நைனாவிடம் சொல்லிப் புலம்பினேன். அவர் தறிக்குப் பாவு நூல் பிணைத்துக்கொண்டிருந்தார், தலையைத் தூக்கவில்லை. அடுத்த இழையை முடிந்துகொண்டே, “வீட்ல வெரதம் இல்லாத வயிறு ஒண்ணுதான இருக்குது” என்றார். அதற்கென்ன என்றேன். “நா இருக்கறன்னு சொல்றேன்” என்றார். உனக்கு அவரைத் தெரியாதா, காலை எட்டு மணிக்கு இட்லி வரவில்லை என்றால் தறியை விட்டு இறங்கிவிடுகிற மனிதர். அதோடு ஆடிக் கிருத்திகை அன்றைக்கு நம் தெருவில் காவடிக்காரர்களுக்குப் போடுகிற புளியோதரைக்கு உப்பு பார்க்கிறது அவர்தான், இருபது வருஷமாக அந்த வேலையை அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. உப்பு பார்க்கிறேன் என்று அவர் பார்க்கிற பார்வையில் ஒரு ஆள் சாப்பாடு போய்விடும். அதை எடுத்துச் சொன்னேன். “உப்ப வேற எவனாவது பாக்கட்டும். அவ துன்னுட்டு எழுதட்டும்” என்றார்.  மறுபடி எழுத வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் இவர்தான்.

அதோடு நிற்கவில்லை. நேற்று ஆனிக் கிருத்திகை. சொன்னபடி முடியுமா என்று பார்த்துவிடுகிறேன் என்று நேற்றே ஒரு தடவை இருந்தார். காலையில் வேப்பங்குச்சியால் பல் தேய்த்துவிட்டு விபூதி பூசிக்கொண்டு தறியில் உட்கார்ந்தார். பத்து மணிக்கு என்னிடம் காரணமில்லாமல் சண்டை போட்டார். மத்தியானம் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டு, கனகம்மாசத்திரம் சந்தையில் என்றைக்கோ சாப்பிட்ட மசால்வடையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். போதும், மோராவது குடியுங்கள், இன்றைக்கே இருக்கச் சொல்லி யார் கேட்டார்கள் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. சாயந்தரம் என்னோடு மலை ஏறினார், நடுநடுவே நின்று நின்று ஏறினார், விளக்கைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு இறங்கி வந்துதான் சாப்பிட்டார். பரிமாறும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது, அடுப்புப் புகை என்று சொல்லிவிட்டேன்.

இப்போது நீ முடிவு செய்துகொள். பகல் கல்லூரிதான் உனக்குச் சரி என்று பட்டால் அதற்கே போடு, நாங்கள் ஒரு வார்த்தை சொல்லமாட்டோம், நைனா அன்றைக்கு வழக்கம்போல உப்பு பார்ப்பார். ஆனால் எனக்கு மூளை இல்லை என்று நினைத்துக்கொண்டு அதற்குப் போகாதே, அதை மட்டும் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். மறுபடி எழுதுவதானால் முதல் நாளே கோதண்டபாணி வீட்டுக்குப் போய்விடு, அவன் பெண்டாட்டிக்கு நானே சொல்லி அனுப்புகிறேன், காலையில் இட்லி வேக வைத்து உன் எதிரிலேயே உட்கார்ந்துகொள்ளச் சொல்லி. விட்டுப்போன அந்தக் கடைசிப் பகுதியை முதலில் எழுத முடியுமா என்று கேட்டுப் பார், தெம்பு இருக்கும்போது கஷ்டமானதை முடித்துவிட்டால் மற்றதற்குப் பயம் இருக்காது. குறைந்து வந்தால் வரட்டும், ஊர் உன்னைத் தூக்கிப் போட்டுவிடாது, டீக்கடைக்கு நைனாவோடு நான் போகிறேன்.

கோதண்டபாணியிடம் பருப்புப்பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் கொடுத்து அனுப்புகிறேன், ஹாஸ்டலில் எல்லாருக்கும் வாரிக் கொடுத்துவிட்டு நீ வெறும் ரொட்டியைத் தின்னாதே. சனிக்கிழமை தவறாமல் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளி, அங்கே வெயில் நம் ஊரைவிட மோசம் என்கிறான். என்ன முடிவு செய்தாலும் உடனே ஒரு கார்டு போடு, நைனா தபால்காரர் வேதாசலத்தைத் தெருமுனையிலேயே மறித்துக் கேட்க ஆரம்பித்துவிட்டார், அந்த மனுஷன் இப்போது நம் தெருவைச் சுற்றிக்கொண்டு போகிறார். தணிகை வேலன் உனக்கு நல்ல புத்தியும் நல்ல பசியும் கொடுக்கட்டும். தீர்க்காயுசாக இரு.

ஆசிகளுடன் உன் அம்மா
கமலா

நான் கையெழுத்துப் போட்டதும் நைனா பேனாவை வாங்கிக்கொண்டார், கீழே இருப்பது அவர் எழுத்து.

வரலட்சுமிக்கு, நேத்து இருந்து பாத்துட்டேன். முடியுது. நீ சாப்ட்டு எழுது. நைனா.