இரண்டு பட்டை கூடுதல்

வள்ளிக்கண்ணு,

ஞாயிறு காலை ஒன்பதரைக்கு, அம்மா மண்டபம் சாலை வேகத்தடையில், நம் பிக்கப்பின் கூரையில் உன் தலை இடித்தது. "கூடாரம் ஏத்துறீங்களா, கோயில் தேரை ஏத்துறீங்களா? இந்த வண்டியில பச்சைமலைக்கு நான் வரலைங்க" என்றாய். நான் சஸ்பென்ஷன் பற்றிப் படித்ததையெல்லாம் ஒப்பித்தேன்.

இன்று நீ வேலைக்குப் போனதும் கூடாரம், அடுப்பு, நாற்காலிகள், நிரப்பிய தண்ணீர் கேன்கள் எல்லாவற்றையும் பழைய பேப்பர் கடைத் தராசில் நிறுத்தேன். கடைக்காரர், "எல்லாத்தையும் எடைக்குப் போடுறீங்களா சார்?" என்று ஆசையாகக் கேட்டார். நூற்றெண்பது கிலோ.

வண்டியின் பின்பக்க ஸ்பிரிங்கில் கூடுதல் இரும்புப் பட்டை போடும் முன், எவ்வளவு எடை ஏற்றுவோம் என்று மெக்கானிக் கேட்டார். "எண்ணூறு இருக்கும்" என்று கண் இமைக்காமல் சொன்னவன் நான். அந்த எடைக்குப் போட்ட பட்டையில்தான் வண்டி விறைத்துப்போய் உன்னைத் தூக்கிப் போட்டது. ஏழு மாதம் ஸ்பிரிங்கைப் படித்தவனுக்குத் தராசு என்று ஒன்று இருப்பது தோன்றவில்லை.

வண்டியோடு தென்னூர் பட்டறைக்குப் போகிறேன். ரசம் அடுப்பில் இருக்கிறது; அப்பளம் நீதான் பொரிக்க வேண்டும். சிலிண்டர் வந்தால் வாங்கி வை.

தமிழ்மணி

தலையில் இன்னும் வலி இருந்தால் தைலம் ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறது. அன்றே எடுத்துத் தந்திருக்க வேண்டும், பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

மெக்கானிக்கிடம் போனில் பேசிவிட்டேன். கூடுதலாகப் போட்ட இரண்டு பட்டைகளையும் இன்று கழற்றுகிறார்.