லூனாவுக்கு ஒரு தனி அறை

சலோனிகா, பிப்ரவரி 22, 1943, திங்கள்

ஜெர்மன்காரன் உத்தரவு, யூதர்கள் நாங்கள் டிராமில் ஏறக்கூடாதாம். திருமதி கலியோப்பியின் பாவாடைக்கு அளவு பார்க்க ஊரின் அந்தக் கோடிக்கு நடந்தே போனேன். அவள் வாசலிலேயே நிறுத்தி, பாதி தைத்த துணியை வாங்கிக்கொண்டாள். "தப்பா நெனைக்காதே ஓரோ, அக்கம்பக்கம் ஒரு மாதிரி பாக்குறாங்க." பன்னிரண்டு வருஷமாக அவள் இடுப்பு பெருத்த கணக்கு அவள் புருஷனைவிட எனக்குத்தான் தெரியும்.

பிப்ரவரி 25, வியாழன்

இன்றுமுதல் நெஞ்சில் மஞ்சள் நட்சத்திரம். ஐந்து வயதுக் குழந்தைக்கும் உண்டு. கடலைக்கடைக்காரர் என்னை விட்டுவிட்டுப் பக்கத்துச் சுவருக்கு வணக்கம் சொன்னார்.

எங்களை வேறு ஊருக்கு அனுப்பப்போகிறார்களாம். கல்யாணமாகாத பெண்களைப் பிரித்து வேலைக்குக் கொண்டுபோவார்களாம், தம்பதிகளுக்குத் தனி அறையாம். யார் சொன்னது? எல்லோரும்.

பிப்ரவரி 26, வெள்ளி

தங்கை லூனாவுடன் புகையிலைப் பட்டறையில் வேலை பார்த்த கிரேக்கப் பெண் எலேனி வந்தாள். அவள் மாமாவின் வண்டி மலைக்குப் போகிறதாம். "லூனாவ ஏத்தி விடுங்கக்கா. ஜெர்மன்காரனோட சண்டை போடுற எங்க ஆளுங்க அங்க இருக்காங்க, பாத்துப்பாங்க."

துப்பாக்கி தூக்கிய ஆண்களுக்கு நடுவே பதினெட்டு வயதுப் பெண்ணா? முடியாது என்றேன். அப்பா அடுப்புக்கு விறகு எடுக்கப் போய்விட்டார். அம்மா போனபிறகு இந்த வீட்டில் முடிவெல்லாம் என்னுடையது.

பெப்போ இருக்கிறான். ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஹிர்ஷ் குடியிருப்பில் வீடு, சுமைதூக்கி, நல்லவன். இரண்டு வருஷமாக அவளையே சுற்றுகிறான்.

"முப்பத்தினாலு வயசாகியும் நீ கட்டிக்கல. எனக்கு மட்டும் எதுக்குக்கா அவசரம்?" என்றாள்.

"உனக்கு ஒரு அறையாவது மிஞ்சும்டி."

பிப்ரவரி 28, ஞாயிறு

ஒரே தொழுகைச் சால்வையின் கீழ் நாலு ஜோடிகள். கல்யாணம் ஆயிரங்காலத்துப் பயிர் என்பார்கள். பத்தே நிமிடத்தில் நட்டுவிட்டார்கள். சடங்குப்படி உடைப்பதற்காகப் பெப்போ மிதித்த கண்ணாடிக் கோப்பை உடையவில்லை. மறுபடி எகிறிக் குதித்தான். லூனா சிரித்துவிட்டாள். மாலையில் அவன் வீட்டுக்குப் போனாள்.

மார்ச் 6, சனி

ஓய்வுநாள். எழுதக்கூடாது. எழுதுகிறேன்.

ஹிர்ஷ் குடியிருப்பைச் சுற்றிப் பலகை வேலி போட்டுவிட்டார்கள், வாசலில் காவல். அந்த ஒரு குடியிருப்பை மட்டும். ஏன் அதை? அவளை அங்கே அனுப்பினது நான். நான்தானே.

மார்ச் 14, ஞாயிறு

பெப்போ எப்படியோ ஒரு சீட்டு அனுப்பியிருக்கிறான். லூனாவின் கையெழுத்து. "நாளைக்கு எங்கள போலந்துல க்ராகோவ் ஊருக்கு அனுப்புறாங்க. தனி அறை தர்றாங்களாம். நீ சொன்னது சரிதான்க்கா. அங்க குளிராம். கம்பளிக் காலுறை அனுப்பு."

எடுத்துக்கொண்டு ஓடினேன். காவல்காரன் வாங்கவில்லை.

மார்ச் 16, செவ்வாய்

எலேனி நேற்று ரயிலைப் பார்த்திருக்கிறாள்.

"மாடு ஏத்துற பெட்டிங்கக்கா. ஒண்ணுல எம்பது பேர். கெழவங்க, கைப்புள்ளைங்க, கல்யாண ஜோடிங்க எல்லாம் ஒண்ணா. வெளியே பூட்டு."

எட்டா என்று கேட்டேன்.

"எம்பதுக்கா."

சரியா எண்ணுனியா என்று கேட்டேன். எத்தனை தடவை கேட்டேனோ தெரியாது. உள்ளே ஒரு வாளி வைத்தார்களாம், அவ்வளவுதான். தனி அறை, தனி அறை என்று எத்தனை நாள் கத்தினேன் —

வெள்ளிக்கிழமை எலேனி மாமாவின் வண்டி மறுபடி மலைக்குப் போகிறது. ஒரு ஆளுக்கு இடம் இருக்கிறது. அப்பா முதல்முறையாக முடிவு சொன்னார். "நீ கிளம்பு. நான் க்ராகோவுக்குப் போய் லூனாவப் பாத்துக்கறேன்."

ஆகஸ்ட் 22, மலை

இங்கே என் பெயர் மரியா. சட்டை தைக்கிறேன், காயத்துக்குத் துணி கிழித்துக் கொடுக்கிறேன். ஒரு ஆணும் என்னிடம் தப்பாகப் பேசியதில்லை. ரொட்டியில் பெரிய துண்டை எனக்குத்தான் வைக்கிறார்கள். இந்த ஆட்களுக்கா நான் பயந்தேன்?

கீழேயிருந்து வந்தவன் சொன்னான், சலோனிகாவில் யூதர்கள் ஒருவரும் இல்லையாம். ஒருவருமா என்றேன். ஒருவரும் என்றான்.

சமைக்கிற பெண் சாயங்காலம் கேட்டாள், "ஒனக்குக் கூடப்பொறந்தவங்க உண்டா மரியா?"

"ஒரு தங்கச்சி. கல்யாணமாயிடுச்சு. க்ராகோவுல இருக்கா, அப்பாவும் அங்கதான்."

"கடுதாசி போடுறாங்களா?"

இன்னும் விலாசம் அனுப்பவில்லை என்றேன்.