தமிழில் எழுதிய அரபிப் பாடம்

பழைய பாஸ்போர்ட் பையைக் கொட்டியபோது அந்தத் தாள் விழுந்தது. "ஹாதா பைத்துன்... ஹாதிஹி ஷஜரத்துன்..." 'இது வீடு, இது மரம்' என்று தொடங்கும் அரபிப் பாடம் முழுக்க என் கையெழுத்தில், தமிழ் எழுத்தில். நீ கண்ணை மூடி ஒரு மாதம்தான் ஆகிறது. முதலில் சிரிப்பு வந்தது, பிறகு தாங்க முடியவில்லை.

ஷார்ஜா முவைலாவில் நமக்கு எதிரெதிர் ஃபிளாட். அப்போது என் மகள் ஒன்றாம் வகுப்பு. கீழக்கரைக்காரி நீ, அவள் பள்ளியில் அரபி டீச்சர். வாசிப்புத் தேர்வில் தேறாவிட்டால் இரண்டாம் வகுப்புக்கு விடமாட்டார்கள் என்று பேச்சு. எனக்கோ அரபியின் முதல் எழுத்தான அலிஃப்கூடத் தெரியாது. பாடத்தோடு வந்த சி.டி.யைக் கேட்டுக் கேட்டுத் தமிழில் எழுதி, அவளை ஒப்பிக்க வைத்தேன்.

தேர்வன்று கதவோரம் நின்றேன். மூன்று பக்கத்தையும் கடகடவென்று சொல்லிவிட்டாள். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நீ மட்டும் சிரிக்கவில்லை. பாடத்திலிருந்த படத்தைக் கையால் மறைத்து, நடுவில் ஒரு சொல்லின் மேல் விரல் வைத்தாய்.

"இது என்னம்மா?"

விழித்தாள். மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள். நீ 'தேறவில்லை' என்று எழுதினாய்.

சாயங்காலம் உன் வீட்டு வாசலில் நின்று கத்தினேன். "நம்ம பக்கத்துக்காரின்னு நம்புனேனே! ரெண்டு மார்க் போட்டா கொறஞ்சா போயிடுவ?"

"ஏ புள்ள, அவ எங்க வாசிச்சா? நீதான் வாசிச்ச. ரெண்டாங்கிளாசுலயும் நீயா வந்து உக்காருவ?"

மூன்று மாதம் உன்னோடு பேசவில்லை. லிஃப்டில் பார்த்தால் சுவரைப் பார்ப்பேன். நீயோ, பிள்ளையை அரை மணி நேரம் முன்னால் அனுப்பு என்று அவள் டைரியில் எழுதி அனுப்பினாய். பள்ளி மணிக்கு முன் தினமும் உட்கார வைத்து எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொடுத்தாய். மறுதேர்வில் திக்கித் திக்கித்தான் வாசித்தாள். ஆனால் எங்கே விரல் வைத்தாலும் வாசித்தாள்.

அன்றைக்கே உன்னிடம் வந்திருக்க வேண்டும். வீம்பு. பணியாரம் மட்டும் கொடுத்தனுப்பினேன். கிண்ணத்தைத் திருப்பித் தர வந்த நீ, "கோவம் போச்சா?" என்றாய். "அது எப்பவோ" என்றேன். பொய்.

இப்போது சனிக்கிழமைகளில் இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். அதில் ஒருத்தி ஒப்பிக்கிறாளே தவிர வாசிக்கவில்லை. உள்ளதை அவள் அம்மாவிடம் சொன்னேன். இரண்டு வாரமாக அந்த அம்மா என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். இரண்டு வாரத்துக்கே இப்படி வலிக்கிறது. மூன்று மாதம் உனக்கு எப்படி இருந்திருக்கும்? ஒரு நாள்கூட என் பிள்ளையிடம் நீ அதைக் காட்டவில்லையே. என்னை மன்னித்துவிடு.