ஒரு நாள் அனுமதி

மார்ச் 4

வாலுவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே நாங்கள் இருவரும் நலம். போனில் பேசினால் இரண்டாவது நிமிஷமே சண்டையாகிவிடுகிறது, இனி எதுவானாலும் எழுத்தில் இருக்கட்டும் என்று வக்கீல் சொன்னது ஒருவிதத்தில் நல்லதுதான். எழுதும்போது கத்த முடிவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நம் பெண் வாலுவை அங்கே அழைத்து வருகிறேன்.

வேலை பர்மிட் கைக்கு வரும்வரை நீங்கள் அந்த நாட்டைவிட்டு வெளியே வந்தால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நானும் விசாரித்தேன். உண்மைதான். அதனால் நாங்கள்தான் வரவேண்டும். நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு எதிரில் ஒரு டிராவல்ஸ் இருக்கிறது. உங்கள் தலைநகரைச் சுற்றிக் காட்ட ஒரு நாள் அனுமதியில் கூட்டிப் போகிறார்கள். கும்பலோடு வேனில் இல்லை, எங்கள் இருவருக்கென்று தனிக் கார், டிரைவர், கைடு. காலையில் போனவர்கள் மாலை ஏழுக்கு செக்போஸ்ட் மூடுவதற்குள் திரும்பிவிட வேண்டும். ஒரு தலை குறைந்தாலும் கைடின் லைசென்ஸ் போய்விடுமாம். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குத் தைரியமே வந்தது.

உங்கள் அறைக்கு வரமாட்டோம். வெளி இடங்களில்தான் சந்திப்பு. கைடு கூடவே இருப்பாள். பாஸ்போர்ட் இரண்டும் என் பையில்.

என்மேல் இவ்வளவு சந்தேகமா என்பீர்கள். ஆமாம். வாலு யாரிடம் இருப்பது என்ற கேஸ் நடந்தபோது ஸ்கூலிலிருந்து நேராக அவளை உங்கள் அக்கா வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு நாள் வைத்துக்கொண்டீர்களே, அந்த இரண்டு நாள் இன்னும் என் வயிற்றில் இருக்கிறது. அப்போதாவது ஒரே நாட்டுக்குள் இருந்தோம். எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டால் நம் கோர்ட் உத்தரவை யார் மதிப்பார்கள்?

சம்மதம் என்றால் எழுதுங்கள்.

இப்படிக்கு,
வாலுவின் அம்மா

*

மார்ச் 11

அன்புள்ள உனக்கு,

சம்மதம். எதற்கும் சம்மதம். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே வேலைக்குப் போய்விட்டேன். பன்னிரண்டு மாடிக் கட்டிடத்தில் நான் பழுது பார்க்கும் லிஃப்டின் தலைமேல் உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தேன். கீழே ஒருவர் பட்டனை அமுக்கி அமுக்கிப் பார்த்துவிட்டு என் வம்சத்தையே திட்டினார். கேட்கவே இனிமையாக இருந்தது.

பெற்ற பெண்ணைப் பார்க்க எனக்கு ஒரு கைடு! பரவாயில்லை. இந்த ஊருக்கு வந்து இத்தனை நாளில் நானும் எதையும் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் கட்டிடங்களின் உள்பக்கம்தான்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. ஒரு மணி நேரம் அவளோடு தனியாக இருக்கவேண்டும். நீ பக்கத்தில் இருந்தால் அவள் ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் உன் முகத்தைப் பார்ப்பாள். அவள்மேல் தப்பில்லை, நானும் அப்படித்தான் இருந்தேன்.

அவள் செருப்பு அளவு என்ன? ஒரு கடையில் சிவப்பில் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன்.

உன் கண்ணெரிச்சல் இப்போது எப்படி? நாளெல்லாம் அடுத்தவர்களின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தால் சரியாகுமா?

நான்தான்

*

மார்ச் 17

வாலுவின் அப்பாவுக்கு,

29ஆம் தேதி, ஞாயிறு. காலை பத்தரைக்கு மணிக்கூண்டு அருகில் வந்து நில்லுங்கள்.

தனியாக ஒரு மணி நேரம் முடியாது. ஆற்றில் படகு போகிறது என்று கைடு சொன்னாள். நீங்கள் இருவரும் படகில் ஏறுங்கள், நான் கரையில் இருக்கிறேன். என் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில்.

செருப்பு, குழந்தைகள் அளவில் பதிமூன்று. காசைக் கரியாக்காதீர்கள், ஆறு மாதத்தில் கால் வளர்ந்துவிடும்.

முன்பல் இரண்டும் விழுந்துவிட்டது. பார்த்துச் சிரித்துவிடாதீர்கள். சிரித்த தபால்காரரோடு இன்றுவரை பேசுவதில்லை.

வாலுவின் அம்மா

*

மார்ச் 30

உங்களுக்கு,

நலம் விசாரிக்க மனசில்லை. நேற்று நீங்கள் பார்க்காததை எழுதுகிறேன், படித்துக்கொள்ளுங்கள்.

படகு, சிலை என்று மதியம்வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. நானே கொஞ்சம் இளகிவிட்டேன். கைடு ஒவ்வொரு சிலைக்கும் வரலாறு சொல்ல, 'ராஜா பேரு இருக்கட்டும், குதிரை பேரு என்ன?' என்று இவள் கேட்க, நீங்கள் வாய்க்கு வந்த பேரையெல்லாம் சொன்னீர்கள். நானும் சிரித்தேன். பழைய நாள் மாதிரி இருக்கிறதே என்றுகூட நினைத்தேன். என் புத்தியைச் சொல்லவேண்டும்.

மியூசிய வாசலில் பையை வெளியே வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். பாஸ்போர்ட் இருக்கிற பையை நான் எப்படிக் கொடுப்பேன்? ஆபீசில் போய்ப் பேசிவிட்டு வருகிறேன் என்று போனேன். திரும்பி வந்தபோது கைடு மட்டும் பச்சைக் குடையோடு நின்றிருந்தாள்.

"எங்கே அவங்க?"

"மேல ஓவியம் பாக்கப் போயிருக்காங்க."

நான்கு மாடியும் ஏறினேன். ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்தேன். எங்கோ ஒரு குழந்தை சிரித்தது, ஓடினேன், வேறு யாருடைய குழந்தையோ. இறங்கி வந்து கைடின் கையைப் பிடித்தேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"நான்தாம்மா அனுப்பினேன். 'அப்பா தூங்குற கட்டில பாக்கணும்'னு உங்க பொண்ணுதான் கேட்டுச்சு. அரை மணி நேரத்துல வந்துடுறேன்னு சொன்னாரு. அவர் கேட்ட விதத்துல என்னால முடியாதுன்னு சொல்ல முடியல."

"அட்ரஸ் தெரியுமா?" என்று அவளைக் கேட்டேன்.

தெரியாது. எனக்கும் உங்கள் தெரு பெயர்தான் தெரியும், வீட்டு எண் தெரியாது. கடிதமெல்லாம் கம்பெனி விலாசத்துக்குத்தானே வருகிறது! அந்தத் தெருவுக்குப் போனால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அடுக்கு வீடுகள். எந்த வாசலில் ஏறுவது? கைடு உங்களுக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தாள். மணி அடித்தது. நீங்கள் எடுக்கவில்லை. அரை மணி நேரம் போய், ஒரு மணி நேரம் போய், வெயிலும் இறங்க ஆரம்பித்துவிட்டது. கைடு அழ ஆரம்பித்துவிட்டாள். அவளைத் தேற்றக்கூட எனக்குத் தெம்பில்லை.

தெருமுனையில் போலீஸ் சாவடி இருக்கிறதே, அங்கே போனேன். "இங்க புகார் எழுதிட்டா உங்க வீட்டுக்காரர் கதை முடிஞ்சுதும்மா, யோசிச்சுக்குங்க" என்றாள் கைடு. யோசிக்க என்ன இருக்கிறது? போலீஸ்காரர் பேனாவைத் திறந்தார். பிள்ளை பெயர் கேட்டார், சொன்னேன். வயது கேட்டார், சொன்னேன். "கூட்டிட்டுப் போனது யாரு?" என்றார். அவர் பேனா முனையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மறுபடி கேட்டார். அப்போதுதான் ரோட்டிலிருந்து டிரைவர் கத்தினார், "அம்மா, வந்துட்டாங்க!"

அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தீர்கள். சிவப்புச் செருப்பு ஒரு காலில்தான் இருந்தது. என்ன சொன்னீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? "தூங்கிட்டா." அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைதான்.

டிரைவர் ஓட்டிய வேகத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். செக்போஸ்ட்டில் கம்பியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். காருக்குள் குனிந்து தலையை எண்ணினான் ஒருவன். இந்தப் பக்கம் வந்த பிறகுதான் வாலு கண்ணைத் திறந்தாள்.

இனி கிடையாது. வக்கீலிடம் எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். பதில் எழுதவேண்டாம்.

*

ஏப்ரல் 5

அன்புள்ள உனக்கு,

எழுதவேண்டாம் என்றாய். இந்த ஒன்றை மட்டும் படித்துவிடு.

நீ பட்டதைப் படித்தேன். மன்னித்துவிடு என்று கேட்க வாய் வரவில்லை.

அறைக்கு வந்தவுடன் அவள் எல்லாவற்றையும் திறந்து பார்த்தாள். அலமாரி, குழாய், ஜன்னல். "ஒரே ஒரு டம்ளர்தானாப்பா?" என்றாள். கட்டிலில் ஏறிக் குதித்தாள். பிறகு படுத்தாள். அஞ்சே நிமிஷம் படுத்துக்கட்டும், கிளம்பிவிடலாம் என்று நினைத்தேன். தூங்கிப்போனாள். நான் தரையில் உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தூங்கி நான் பார்த்து எத்தனை நாளாயிற்று, நீயே நினைத்துப் பார்.

போன் அடித்தது. கவிழ்த்து வைத்தேன். மறுபடி அடித்தது. தலையணைக்கு அடியில் வைத்தேன்.

இதை நீ வக்கீலிடம் சொல்லலாம், நான் மறுக்கமாட்டேன். எழுந்து போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். ஏழு மணி அடித்துவிட்டால் போதும், அப்புறம் யார் என்ன செய்யமுடியும் என்று நினைத்தேன். பக்கத்தில் பள்ளிக்கூடம் இருக்கிறது, நடந்தே போகலாம் என்றுகூட நினைத்தேன். கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் தெரியாது. உன்னை நினைத்து ஒன்றும் மனம் மாறவில்லை, பொய் சொல்ல விரும்பவில்லை. ஆனால் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டேன்.

அந்தக் கைடு அம்மாவை மட்டும் ஒன்றும் செய்துவிடாதே. தப்பு முழுக்க என்னுடையது.

ஒரு செருப்பு இங்கே இருக்கிறது. அனுப்பட்டுமா?

நான்தான்

*

ஏப்ரல் 19

வாலுவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு வக்கீல் ஆபீஸ் வாசல்வரை போனேன். ஆள் வெளியூர் போயிருந்தார். வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அன்றைக்கு ராத்திரி தலை வாரிவிடும்போது வாலு தானாகவே ஆரம்பித்தாள்.

"அம்மா, நான் தூங்கவே இல்ல."

"எப்போடி?"

"அப்பா ரூம்ல. தூங்குற மாதிரி கண்ணை மூடிக்கிட்டேன். முழிச்சா உங்கிட்ட கொண்டுவந்து விட்டுடுவாருல்ல?"

கதவு தாழ்ப்பாள் போடும் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கிறது. ஜாலி என்று நினைத்தாளாம். அப்புறம் நீங்கள் பக்கத்தில் வந்து அவள் இமையை விரலால் தொட்டுப் பார்த்தீர்களாம். "நடிச்சது போதும், வா" என்றீர்களாம். இவள் கண்ணைத் திறக்கவில்லை. அப்படியே தூக்கிக்கொண்டு படியிறங்கிவிட்டீர்களாம். "நான் காலால உதைச்சேன், அப்பவும் இறக்கிவிடல" என்றாள். செருப்பு அதில்தான் கழன்றதாம்.

எனக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான். அவள் அங்கேயே இருக்க ஆசைப்படுகிறாள் என்று தெரிந்தும் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். அதை ஏன் எழுதவில்லை? உங்களுக்கு எதிரானதையெல்லாம் எழுதினீர்கள், சாதகமான ஒன்றை விட்டுவிட்டீர்கள். கோர்ட்டில் இதைச் சொன்னால் என் பக்கம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

அந்த மத்தியானத்தை நான் மன்னிக்கவில்லை. மன்னிப்பேனா என்றும் தெரியாது. ஆனால் வக்கீலிடம் போகப்போவதில்லை. கைடு மீதும் புகார் கொடுக்கவில்லை. நேற்று கடை வாசலில் பார்த்தேன், என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மே மாதம் பள்ளி விடுமுறை. இன்னொரு ஞாயிறு அழைத்து வருகிறேன். இந்தத் தடவை வீட்டு எண்ணை எழுதுங்கள். நானும் மாடி ஏறி வருகிறேன்.

வாலுவின் அம்மா

*

ஏப்ரல் 27

அன்புள்ள உனக்கு,

வீட்டு எண் 46, மூன்றாவது மாடி, இடது பக்கம். நீ தெரிந்து வைத்திருக்கவேண்டும், அதற்காக எழுதுகிறேன். ஆனால் மே மாதம் அவளைக் கூட்டி வராதே.

அவசரப்பட்டுக் கிழித்துப் போடாதே, முழுக்கப் படி.

அவள் நடிக்கிறாள் என்று தெரியும். இமை துடித்துக்கொண்டே இருந்தது. அதை எழுதினால் உன் மனசு என்ன பாடுபடும் என்றுதான் எழுதவில்லை. இவ்வளவு பார்த்துப் பார்த்து வளர்க்கிற உன்னைவிட்டு இங்கே இருக்க ஆசைப்பட்டாள் என்று நான் எந்த வாயால் சொல்வது? அவள் உன்னை விட்டுவரவும் ஆசைப்படவில்லை. ஒரு ராத்திரி அப்பா கட்டிலில் தூங்க ஆசைப்பட்டாள், அவ்வளவுதான். அதைப் போய் கோர்ட்டில் சொல்வேனா?

ஒரு தடவை தாழ்ப்பாளைத் திறந்துவிட்டேன். திறக்க நான் பட்டபாடு எனக்குத்தான் தெரியும். அவள் இன்னொரு தடவை வந்து அந்தக் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்தால், நான் திறப்பேனா என்று எனக்கே தெரியவில்லை. நீ கூட இருந்தாலும் தெரியவில்லை. என்னை நம்பி நீ வரும்போது என்னை நானே நம்ப முடியாமல் இருப்பது சரியில்லை.

பர்மிட் மழைக்காலத்துக்குள் வந்துவிடும் என்கிறார்கள். வந்ததும் நான் அங்கே வருகிறேன். உன் வீட்டில், நீ இருக்கும்போது. சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிடுவேன். கிளம்பவேண்டியவன் நானாக இருந்தால் என்னால் முடியும். அவளை அனுப்பி வைக்கத்தான் முடியவில்லை.

எனக்கு வேலை இருக்கிறது, லீவு இல்லை என்று அவளிடம் ஒன்றும் சொல்லாதே. அப்பா வேண்டாம் என்று சொன்னார் என்றே சொல். திட்டினால் திட்டட்டும்.

நான்தான்

*

மே 3

வாலுவின் அப்பாவுக்கு,

நீங்கள் சொன்னபடியே சொன்னேன். அழுதாள். தட்டைத் தள்ளினாள். உங்களோடும் பேச்சில்லை, என்னோடும் பேச்சில்லை என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். நான் ஒன்றும் சமாதானம் சொல்லவில்லை. எனக்கும் கோபம்தான். இப்படி ஒரு கடிதத்தை அன்றைக்கே, கேஸ் போடுவதற்கு முன்னாலேயே, நீங்கள் எழுதியிருந்தால் என்ன?

பஸ் ஸ்டாண்டுக்கு நாங்கள் இருவரும் வருவோம். எந்தத் தேதி என்று முன்கூட்டியே எழுதுங்கள், நான் கடையில் லீவு சொல்லவேண்டும். மதியம் இங்கேதான் சாப்பாடு. வெளியில் சாப்பிட்டுவிட்டு வந்து நிற்காதீர்கள்.

விளக்கை அணைக்கப் போனபோது சுவர்ப்பக்கம் திரும்பியபடியே கேட்டாள்.

"அப்பா எத்தனை மணிக்குப் போவாரு?"

"சாயங்காலம்."

என் பக்கம் திரும்பினாள்.

"அப்போ அன்னிக்கு நாம ரொம்ப சீக்கிரம் எழுந்திரிக்கணும்" என்றாள்.

சரி என்றேன்.

வாலுவின் அம்மா