லப்புக்கும் டப்புக்கும் நடுவே

நாள் 211, காலை 9:10
யூரோப்பா நிலவுத் தளம். பதிவு செய்பவர் டாக்டர் வடிவாம்பிகை. இங்கே இருப்பது இரண்டே பேர்: நானும், தண்ணீர் எந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் ஜெரோம் பர்னாந்தும். வாராந்தரப் பரிசோதனை முடிந்தது. இருவருக்கும் நாடி 72, இதய ஒலி இயல்பு, ரத்த ஓட்டம் இயல்பு. தண்ணீர்க் குழாயில் மறுபடியும் பாசி. ஜெரோம் கையாலேயே வழித்தெடுத்தார். அந்த நாற்றம் சோற்றில்கூட ஏறிவிட்டது.

நாள் 214, மாலை 4:40
ஜெரோமுக்கு மூச்சிரைப்பு. வீங்கிய கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தினேன். குழி விழுந்தது, மேலெழவே இல்லை. அதில் சாம்பல் நிறமாக ஏதோ கசிந்தது. அருவருப்பில் கையை உதறினேன். நகத்தை அழுத்தி விடுவித்தால் இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டும். ஒன்பது நொடி ஆனது. நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்தேன். லப்புக்கும் டப்புக்கும் நடுவே இன்னொரு ஒலி, சேற்றில் காலை வைத்து எடுப்பதுபோல. ரத்தம் எடுத்தால் நூல் நூலாக அதே குழாய்ப் பாசி. பூமிக்குச் செய்தி அனுப்பினேன்.

நாள் 214, மாலை 6:25
பூமியிலிருந்து தலைமை மருத்துவர் கமலக்கண்ணன்: "உங்க பதிவுல மூணு நாள் முன்னாடி வரைக்கும் எல்லாம் நார்மல். நோய் தொடங்கி ஒரு வாரத்துக்குள்ளன்னா பாசியக் கொல்ற மருந்த முழு டோஸ் ஏத்துங்க. அதுக்கு மேல ஆகியிருந்தா கால்வாசி டோஸ்தான். பழசுக்கு முழு டோஸ் போட்டா, செத்த பாசி ரத்தக் குழாய அடைச்சிடும். புதுசுக்குக் கால் டோஸ் போட்டா, அப்புறம் எந்த மருந்தும் கேக்காது."

இதைப் படிப்பவருக்குச் சொல்கிறேன். 211ஆம் நாள் நான் ஜெரோமைத் தொடவே இல்லை. அதற்கு முந்தைய வாரங்களிலும் இல்லை. போன வாரத்து வரியை நகலெடுத்து ஒட்டினேன். வார்டில் எல்லோரும் செய்வதுதான். சீ, அதையும் ஒரு சமாதானமாகச் சொல்கிறேன்.

பூட்ஸ் கொஞ்ச நாளாகவே இறுக்கம்தான் என்றார் ஜெரோம். அப்படியானால் வீக்கம் பழசு. கால் டோஸ் போட்டால் ஏன் என்று பூமி கேட்கும். முழு டோஸ் ஏற்றினேன்.

நாள் 215, காலை 7:50
ஜெரோமைத் தனியறையில் வைத்திருந்தேன். அங்கிருந்து ஒலிபெருக்கியில் அவர், 7:12: "டாக்டரம்மா, போன வாரம் குழாய நெஞ்சுல வச்சுப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்லா?"

தெரிந்திருக்காது என்றேன். 7:31க்கு இதயம் நின்றது. வாயிலிருந்து பாசி வழிந்துகொண்டே இருந்தது. துடைத்தேன்.

நாள் 216, காலை 11:05
உண்மையை அனுப்பிவிட்டேன். பூமி: "அதை அப்புறம் பேசலாம். உங்களையும் பரிசோதிங்க. எப்ப தொடங்குச்சுன்னு தேதி வேணும். அது தெரியாம எங்களால ஒண்ணும் சொல்ல முடியாது."

ஸ்டெதஸ்கோப்பை என் நெஞ்சில் வைத்தேன். சேறு மிதிபடுகிறது.

முழு டோஸ், கால் டோஸ், இரண்டு ஊசியும் மேசையில் இருக்கின்றன. பதிவில் முப்பது வாரமாக என் இதயம் இயல்பு. ஒரு வாரம்கூட நான் அதைக் கேட்டதில்லை.

எந்த ஊசி என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் நான்தான். எனக்குத் தெரிய…

[பதிவு இங்கே நிற்கிறது]